நரம்பில் ஏறும் மருந்தும் எழுதப்படாத தாளும்

கடம்பத்தூர் ரயிலடியில் வண்டியேறி ஆலைகளுக்குச் செல்லும் தொழிலாளிகள், ஜுரமோ அசதியோ கண்டால் ஒருநாள் கூலியை இழக்க மனமின்றி, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், நாளைக்கு ஷிப்டுக்குப் போகணும்" என்று கேட்பது சகஜமாகிவிட்டது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரையே. வாயால் உண்ணக்கூடியவருக்கு இரண்டு மூன்று இட்லி தரும் பலத்துக்கு மேல் அதில் இல்லை.

பலம் அற்பமாயினும் அபாயம் அற்பமன்று. அந்தப் பாட்டிலை எட்டு மணி நேரத்தில் இறக்க வேண்டுமாயின், மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாயில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 21 துளியே விழ வேண்டும். அவசரத்தில் முழுதும் திறந்துவிட்டால், இருதயமோ சிறுநீரகமோ பழுதுற்ற முதியவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேரே நரம்பில் செலுத்தினாலோ இருதயமே நின்றுபோகும்.

1993 டிசம்பரில், வடநாட்டு மருத்துவமனை ஒன்றில் டைபாயிடுக்காகச் சேர்க்கப்பட்ட சிறுவனுக்கு, மருத்துவர் குறித்த ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக மலேரியாவுக்குரிய குளோரோகுவினைத் தகுதியற்ற செவிலியர் ஒருவர் நரம்பில் செலுத்த, குழந்தை அக்கணமே மயங்கி, மூளை மீளாச் சேதமுற்றது. குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோரின் மனவேதனைக்கு 5 லட்சமும் நஷ்டஈடு என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்பை, 1998இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இத்தகைய தவறுகளைத் தடுக்க, ஏற்றும் மருந்தையெல்லாம் தாளில் எழுதிவைக்கச் சொன்னால், எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொரு நோயாளியைப் பார்க்கலாமே என்பார் சில மருத்துவர். நெரிசல் நாட்களில் அதிலும் நியாயமுண்டு. ஆனால் மருத்துவரைக் குற்றவாளியாக்க மிகக் கடுமையான அஜாக்கிரதை வேண்டுமென்று 2005இல் அதே நீதிமன்றம் கூறியிருக்க, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எந்த வேகத்தில், யார் கையால் என்று எழுதிய தாளே நேர்மையான செவிலியருக்குச் சாட்சியாகும்.

என் கவலையெல்லாம் அந்தத் தாளைப் பற்றியதே. உள்நோயாளியின் பதிவேட்டை 3 ஆண்டு காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. சிறு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் படுத்து பாட்டில் ஏற்றிக்கொண்டு, கையில் பஞ்சோடு எழுந்து போகிறவரை யாரும் உள்நோயாளியாகக் கணக்கில் வைப்பதில்லை. இரவில் அவருக்குக் குளிர்ஜுரம் வந்து திருவள்ளூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், என்ன ஏற்றினார்கள் என்ற முதற் கேள்விக்கே வீட்டாரிடம் விடையில்லை. ஆகவே பாட்டிலின் பெயர், தொகுதி எண், கலந்த மருந்து, நேரம், ஏற்றியவரின் கையொப்பம் ஆகியவற்றை மருந்துச் சீட்டின் பின்புறத்திலேனும் எழுதிக் கொடுப்பதை, பதிவுபெற்ற ஒவ்வொரு கிளினிக்குக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.