மலைக்கும் தெருவுக்கும் ஒரே மேலாடை

தேனி மாவட்டத்துச் சிலமலை கிராமத்தின் வீடுகளில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும் விடியற்காலையிலேயே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிநாயக்கனூரைக் கடந்து, கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தொடும்போது வண்டி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறியிருக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது வளிமண்டலக் கணக்கு. அடிவாரத்தில் 24 டிகிரி என்றால் மேலே 17, 18. அங்கே காற்றும் சாரலும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்குப் பருவமழை மலையின் கேரளப் பக்கம் கொட்டும் மாதங்களில் போடி மழை மறைவில் வறண்டு கிடக்கும். ஒரே நாளில், ஒரே உடம்பு இரண்டு பருவங்களைப் பார்க்கிறது.

தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், பைக்கில் மூணாறு போகும் இளைஞர்கள், குரங்கணியில் மலையேற வருகிறவர்கள் என எல்லோருக்கும் ஒரு கேள்வி பொது. சட்டைக்கு மேல் எதைப் போடுவது? கடைக்குப் போனால் கை முதலில் போவது தடித்த பருத்தி ஹூடியின் மேல்தான். தொட்டால் கதகதப்பு, விலையும் கட்டுப்படியாகும், ஊரிலும் உடுத்தலாம். ஆனால் நனைந்த மலைச்சரிவில் உடலைக் கைவிடும் முதல் துணியும் அதுதான்.

கொங்காணி செய்த வேலை

ரெயின்கோட் வாங்க வழியில்லாத காலத்தில் தென்மாவட்டத்து உழைப்பாளிகள் மழைக்குக் கொங்காணி போட்டார்கள். கோணிச்சாக்கின் அடி மூலைகளில் ஒன்றை மற்றொன்றுக்குள் திணித்தால் கூம்பு போன்ற குல்லா கிடைக்கும். அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் மீதிச் சாக்கு முதுகில் தொங்கும். பின்னாளில் சணல் சாக்கின் இடத்துக்கு உரச்சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன.

தைக்காத அந்தச் சாக்குக்குள் நல்ல மேலாடையின் இலக்கணம் இருக்கிறது. தலையும் முதுகும் மறையும், முன்பக்கம் திறந்திருப்பதால் வியர்வை வெளியேறும், நினைத்த நொடியில் கழற்றி எறியலாம். குறையும் உண்டு. சணல் நனைந்தால் கனக்கும். பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினால் உள்ளே வியர்வை தேங்கி, மழையில் நனையாதவரும் நனைந்துவிடுவார்.

ஈரம் ஏன் ஆபத்து?

ஈரத்துணி சுற்றிய மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படித்தான் நனைந்த சட்டைக்குள் உடம்பும் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி தோலிலிருந்து போகிறது. அடிவாரத்தில் இது உடலைக் காக்கும் ஏற்பாடு. மேலே போய், வியர்த்த உடம்போடு காற்றில் உட்கார்ந்தால் அதே ஏற்பாடு எதிராகத் திரும்பும்.

வழக்கமான ஆய்வக நிலையில் பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. பாலியெஸ்டர் வாங்குவது வெறும் 0.4 விழுக்காடு. அதனால்தான் பாலியெஸ்டர் சட்டை சீக்கிரம் காய்கிறது, தடித்த பருத்தி ஹூடி மாலைவரை ஈரமாகவே கிடக்கிறது. ஆட்டுமயிர்க் கம்பளி தனி ரகம். அது 16 விழுக்காடுவரை ஈரம் பிடித்தாலும் இழைகளுக்கு நடுவே காற்றைத் தக்கவைத்துக்கொள்வதால் நனைந்தும் ஓரளவு சூடு தரும். தேயிலைத் தோட்டங்களில் கம்பளி நெடுங்காலம் நிலைத்ததற்கு இது ஒரு காரணம். அதன் கனம்தான் நடப்பவருக்குச் சுமை.

காற்றின் பங்கும் சிறியதல்ல. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச் சூத்திரத்தின்படி, 10 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது 6 டிகிரி போலத் தெரியும். மார்கழி விடியலில் திறந்த ஜீப்பிலோ பைக்கிலோ போகிறவருக்கு அந்தக் காற்றை வண்டியே உண்டாக்கிவிடுகிறது.

தலை வழியாகப் பாதிச் சூடு போகிறதா?

உடற்சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். 2008 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரேச்சல் வ்ரீமன், ஆரன் கரோல் என்ற இரு மருத்துவர்கள் இதை மருத்துவக் கட்டுக்கதைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். பெரியவர்களின் தலை உடற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சூட்டிழப்பும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

அப்படியானால் குல்லா வீணா? இல்லை. உடம்பு முழுக்க மூடியிருக்கும்போது திறந்து கிடப்பது தலையும் கழுத்தும் மட்டுமே. முகமும் தலையும் குளிரைச் சட்டென்று உணரும் இடங்கள். காலர் வழியே மழைநீர் முதுகில் இறங்காமலும் குல்லா தடுக்கிறது. தனித் தொப்பி காற்றில் பறக்கும், ஜீப்பில் தொலையும். மேலாடையோடு சேர்த்துத் தைத்த குல்லா எப்போதும் கூடவே இருக்கும்.

பைக் ஓட்டும்போது குல்லாவை ஹெல்மெட்டுக்கு அடியில் போடக் கூடாது. தடித்த துணி ஹெல்மெட்டைச் சரியாக உட்காரவிடாது, பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும். குழந்தைகளின் உடையில் இன்னொரு எச்சரிக்கை தேவை. கழுத்துக் கயிறு ஊஞ்சலிலும் வண்டிக் கதவிலும் மாட்டிக்கொள்ளும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிறுவர் மேலாடைகளின் குல்லாவிலும் கழுத்திலும் இழுகயிறே வேண்டாம் என்றது.

எதை வாங்கலாம்?

சந்தையில் இருப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நைலானிலோ பாலியெஸ்டரிலோ நெய்த மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட். பெரும்பாலும் 100 முதல் 200 கிராம். மடித்தால் பையின் ஓரத்தில் அடங்கும். தூறலைச் சிறிது நேரம் தாங்கும், வியர்வையையும் வெளியே விடும். சிலமலையில் காலை நடைக்கும் போடிமெட்டுக் காற்றுக்கும் சேர்ந்து உதவும் ஒரே துணி வேண்டுமென்றால் இதுதான் முதல் தேர்வு.

இரண்டாவது, மெல்லிய ஃப்ளீஸ். 1979இல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை உருவாக்கிய பாலியெஸ்டர் துணி வகை இது. எடைக்குக் கூடுதல் சூடு, விரைவாகக் காயும் குணம் இரண்டும் உண்டு. ஆனால் காற்று ஊடே புகுந்துவிடும். தோட்டத்தில் இரவு தங்குபவர்களுக்கும் கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களுக்கும் காற்றுத்தடுப்பின் அடியில் இது ஒன்று தேவைப்படும்.

மூன்றாவது, முழு மழை ஜாக்கெட். 1969இல் பாப் கோர் கண்டறிந்த நுண்துளைச் சவ்வும் அதன் வழிவந்தவையும் நீர்த்துளியைத் தடுத்து நீராவியை மட்டும் விடுபவை. சுற்றிலும் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும் அடைமழையில் நீராவி வெளியேற வழி குறைவு. ஆகவே சவ்வின் பெயரைவிட அக்குளடியில் ஜிப் இருக்கிறதா, தையல்களின் உட்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

பருத்தி ஹூடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. திருப்பூரில் பின்னிய ஹூடி மழையில்லாத மாலைக்கும் பேருந்துப் பயணத்துக்கும் சுகமானது. மலைப்பாதைக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

வாங்கும் முன் குல்லாவைப் போட்டுத் தலையை இடமும் வலமும் திருப்புங்கள். குல்லாவும் கூடவே திரும்பினால் நல்லது. முகம் மட்டும் திரும்பித் துணிக்குள் மறைந்தால் வேண்டாம். கைகளை உயர்த்தும்போது இடுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு சட்டையும் ஃப்ளீஸும் போட இடம் இருக்கட்டும்.

வெயிலுக்கும் அதே குல்லா

உயரம் 1,000 மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும். மேலே குளிர்காற்று அடிப்பதால் வெயில் சுடுவதே தெரியாது. மறுநாள் கழுத்தும் காதும் எரியும்போதுதான் தெரியவரும். துணியின் கதிர்த்தடுப்பை அளக்கும் யுபிஎஃப் தரம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1996இல் வகுக்கப்பட்டது. யுபிஎஃப் 50 என்றால் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கே தோலை அடையும். நெருக்கமான நெசவும் அடர்நிறமும் கூடுதலாகத் தடுக்கும். வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்துவிட்டால் அதன் தடுப்பு இன்னும் குறையும்.

மருந்தடிப்பு நாளில்

ஏலம் பூச்சிமருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர். தெளிப்பவரின் உடலுக்குள் மருந்து முக்கியமாகத் தோல் வழியாகவே நுழைகிறது. மருந்து பட்டுச் சாரலிலும் நனைந்த ஹூடி, நாள் முழுக்க அந்த மருந்தைத் தோலோடு ஒட்டிவைத்திருக்கும். அந்த வேலைக்கென்று தனிப் பாதுகாப்பு உடை வேண்டும். அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். அந்த உடையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது.

தீ, குளிர், முதலுதவி

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தனர். அப்படிப்பட்ட தீக்கு முன் எந்த மேலாடையும் காப்பாகாது. கோடையில் வனத்துறை பாதையை மூடும்போது போகாமலிருப்பதே பாதுகாப்பு. அனுமதி உள்ள காலத்திலும் முகாம் அடுப்பருகே நைலான், பாலியெஸ்டர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். இவை 220 முதல் 260 டிகிரிக்குள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஆபத்தான உடற்குளிர்வு. பனி பெய்யாத மலையிலும், மழையும் காற்றும் சேர்ந்தால் இது வரும். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் சொன்னபடி கேளாமை, குழறும் பேச்சு, மந்தம். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலே நடுக்கம் நின்று குழம்பிப் பேசினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

அவரைக் காற்றுப்படாத இடத்துக்கு மெதுவாகக் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த துணியால் தலையோடு மூட வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கைகால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. மதுவும் கூடாது, அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து மிச்சச் சூட்டையும் வெளியேற்றும். பேச்சு குழறும் கட்டத்திலேயே 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட வேண்டும்.