எழுத்து: ஓர் இதழும் இரு தலைமுறையும்

இலக்கிய இதழ் ஒன்றைத் தொடங்கத் தாளும் அச்சகமும் இருந்தால் போதும் என்று தோன்றலாம். உண்மையில் அவை எளிதில் கிட்டுபவை. யாருடைய படைப்பை வெளியிடுவது, பெயர்பெற்றவருக்கும் புதியவருக்கும் ஒரே அளவுகோலை வைப்பது எவ்வாறு என்னும் வினாக்களே கடினமானவை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா சென்னையில் தொடங்கிய ‘எழுத்து’ இவ்வினாக்களை நேர்கொண்ட விதம் அறியத்தக்கது.

செல்லப்பா 1930களில் ‘மணிக்கொடி’ இதழில் சிறுகதைகள் எழுதி வளர்ந்தவர். ஐம்பதுகளில் வார இதழ்களும் தொடர்கதைகளும் பெருகியிருந்தன. ஒரு படைப்பு ஏன் நன்று, ஏன் நன்றன்று என ஆராயும் திறனாய்வுக்கு அவற்றில் இடம் அரிதாகவே இருந்தது. அக்குறையை நீக்கவே ‘எழுத்து’ பிறந்தது. ஆனால், அது பெரும்புகழ் பெற்றது திறனாய்வைவிடப் புதுக்கவிதையால்தான்! தொடங்கியவர் எண்ணிய வழியிலேயே ஓர் இதழ் செல்ல வேண்டும் என்பதில்லை.

ந. பிச்சமூர்த்தி 1934ஆம் ஆண்டிலேயே ‘மணிக்கொடி’யில் யாப்பில் அடங்காத கவிதை எழுதியவர், பின்னர் நெடுநாள் கவிதை எழுதாதிருந்தார். ‘எழுத்து’ அவரை மீண்டும் எழுதத் தூண்டியது. அவர் கவிதைகள் வந்த அதே பக்கங்களில் புதியவர்களும் இடம்பெற்றனர். சிறுகதையாளராக அறியப்பட்டிருந்த சுந்தர ராமசாமி, ‘பசுவய்யா’ என்னும் பெயரில் கவிஞராக அறிமுகமானது இங்குதான். சி. மணியின் ‘நரகம்’ என்னும் நெடுங்கவிதையும் இதில் வெளிவந்தது. இலங்கையின் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு கவிதையும் கட்டுரையும் அனுப்பினார். அப்போது அவருக்கு அகவை இருபதளவே. ஆசிரியர் அவரை நேரில் கண்டதில்லை என்பது படைப்பை வெளியிடத் தடையாகவில்லை. வயது, ஊர், முன்புகழ் ஆகியவற்றைக் கேளாமல் எழுத்தை மட்டும் படித்துப் பார்ப்பது, சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது.

யாப்பை மீறிய இக்கவிதைகளை மரபில் ஊன்றியோர் பலர் ஏற்கவில்லை. செல்லப்பா வாதிட்டதோடு நில்லாமல், 1962இல் இதழில் வெளிவந்த கவிதைகளைத் தொகுத்துப் ‘புதுக்குரல்கள்’ என்னும் நூலாக்கினார். மூத்தவரும் இளையவரும் ஒரே அட்டைக்குள் அமர்ந்த தொகுப்பு அது. வெங்கட் சாமிநாதன் போன்ற வாசகர்கள் கட்டுரையாளர்களாக மாறியதும் இவ்விதழ் வழியேயாகும். படிப்பவருக்கும் எழுதுபவருக்கும் இடையிலிருந்த சுவர் அங்கு மெல்லியதாகவே இருந்தது.

பொருள்நிலை மட்டும் தொடக்கம் முதலே நலிந்திருந்தது. விளம்பர வருவாயோ பெருவிற்பனையோ இல்லை; சந்தா செலுத்தியோர் சில நூறு பேரே. ‘எழுத்து பிரசுரம்’ வெளியிட்ட நூல்களைச் செல்லப்பா தாமே சுமந்து ஊர்தோறும், கல்லூரிதோறும் சென்று விற்றார். மாத இதழாக வந்தது பின்னாளில் காலாண்டிதழாயிற்று. 119 இதழ்களுக்குப் பின், 1970இல் நின்றது.

அதற்குள்ளாகவே, ‘எழுத்து’ அறிமுகப்படுத்திய சி. மணி 1968இல் சேலத்திலிருந்து ‘நடை’ என்னும் இதழைத் தொடங்கியிருந்தார். அதன் ஆயுள் இன்னும் குறைவு.