ஏரி உண்ணும் நீர்

ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள சாயச்சாலை ஒன்றின் முற்றத்தில் காலையில் சென்று நின்றால், நீரின் வேலை எத்தகையது என்பதைக் கண்ணாரக் காணலாம். பச்சைப் பட்டுநூலை அப்படியே சாயத்தில் தோய்ப்பதில்லை. முதலில் அதன் மேலுள்ள பசை நீங்கும்படி, சோப்புக் கரைத்த வெந்நீரில் இட்டு அவிப்பர். நூலின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அப்போதே கரைந்துவிடும். பின்னர் அலசுவர், சாயம் ஏற்றுவர், மீண்டும் அலசி மூங்கிற் கம்புகளில் உலர்த்துவர். காலையில் நீர் சொட்டிய நூல் மாலையில் உலர்ந்து ஒளிவீசும். அந்நீர் ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது. எவ்வளவு நீர் சென்றது என்பதை அறிவது எளிது: நூலை ஈரத்தோடு ஒருமுறையும், உலர்ந்தபின் ஒருமுறையும் நிறுத்தால் போதும்.

ஊர்ப்புறத்து ஏரியிலும் இதுவே நாள்தோறும் நிகழ்கிறது. ஆனால் ஏரியைத் தராசில் ஏற்ற முடியுமா?

ஆரணி, சவ்வாது மலையிலிருந்து வரும் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்தது. இந்நதி செய்யாற்றோடு கூடுகிறது. செய்யாறு பாலாற்றை அடைகிறது. மூன்றும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சி தருவன. மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்குவதற்காகவே நம் முன்னோர் இவ்வாற்றுநிலம் முழுதும் ஏரிகளை அமைத்தனர். ஓர் ஆற்றுநிலத்தின் நீரைக் கணக்கிடுவோர் வயலுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு எனப் பகுத்து எழுதுவர். வெயிலுக்கு ஏரி இழப்பதும், அதிலுள்ள கோரையும் சம்பும் தாமரையும் உறிஞ்சி இலைவழியே வெளிவிடுவதும் இம்மூன்றிலும் அடங்கா. இவற்றை எழுதாமல் விட்டால், ஏட்டில் இருக்கும் நீர் குழாயில் வாராது.

ஆவியாகும் நீரை அளக்க முற்பட்டோருள் ஆங்கில வானநூல் அறிஞர் எட்மண்டு ஆலி குறிப்பிடத்தக்கவர். ஆலி வால்மீனுக்குப் பெயர் தந்தவர் அவரே. உப்புநீர் நிறைந்த தட்டு ஒன்றைத் தராசிலே தொங்கவிட்டு, கோடைக்காற்றின் வெப்பம் பெறுமாறு கரியனலால் அதனைச் சூடேற்றி, எடை குறைவதைக் கண்டார். அதைக்கொண்டு மத்தியதரைக் கடல் முழுவதற்கும் கணக்கிட்டு 1687இல் வெளியிட்டார். ஆறுகள் அக்கடலுக்குக் கொணரும் நீர், ஆவியாகும் நீரில் மூன்றில் ஒரு பங்களவே என்பது அவர் கண்ட விடை. ஒரு சிறு தட்டு ஒரு கடலுக்குச் சான்று கூறிற்று!

இன்றும் தட்டே பயன்படுகிறது. வானிலை நிலையங்களில் 120.7 செ.மீ. விட்டமும் 25.4 செ.மீ. ஆழமும் உள்ள வட்டத்தொட்டி ஒன்றில் நீர்மட்டம் நாள்தோறும் எவ்வளவு தாழ்கிறது என அளப்பர். எனினும் தொட்டி சிறிது. அதன் பக்கங்களும் வெயிலில் காயும். ஆதலின் ஏரியைவிட விரைவில் நீரை இழக்கும். இக்காரணத்தால் தொட்டியின் அளவைப் பெரும்பாலும் 0.7ஆல் பெருக்குவர்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். கோடைநாள் ஒன்றில் தொட்டிநீர் 8 மி.மீ. தாழ்ந்தது என்க. ஏரியில் அது 5.6 மி.மீ. ஆகும். நெல்மணி ஒன்றின் நீளமும் இராத இவ்வளவு யார் கண்ணுக்குப் புலப்படும்? ஆயினும் ஏரியின் நீர்ப்பரப்பு 100 எக்டேர் எனின், ஒரு நாளில் நீங்குவது 5,600 கன மீட்டர். அஃதாவது 56 லட்சம் லிட்டர். ஆளுக்கு 100 லிட்டர் வீதம் 56,000 பேருக்குப் போதும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆரணி நகரத்தின் மக்கள்தொகையே 63,000 அளவுதான்.

பெருக்கல் எளிது, பரப்பை அறிவதே அரிது. நம் ஏரிகள் ஆழம் குறைந்தவை. மட்டம் ஒரு முழம் தாழ்ந்தால் நீர் நெடுந்தொலைவு உள்வாங்கும். மார்கழியில் கண்ட பரப்பைச் சித்திரைக்கும் கொண்டால் கணக்குப் பிழைபடும். முன்னாளில் நிலஅளவையாளர் நடந்து அளந்தனர். இன்று செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களில் நீர் கருநிறமாகத் தெரிவதால், மாதந்தோறும் பரப்பை வரைந்துகொள்ள இயலுகிறது.

செடிகளின் பங்கு இன்னும் சிக்கலானது. நாணல் தன் வேரால் நீரை இழுத்து இலைகளால் வெளிவிடும். ஆனால் அதுவே நிழல் தந்து காற்றையும் தடுக்கும். எனவே செடி மூடிய நீர்நிலை வெறும் நீர்ப்பரப்பைவிடச் சிலவிடத்து மிகுதியாகவும் சிலவிடத்துக் குறைவாகவும் இழக்கிறது. தொட்டியில் அச்செடியையே வளர்த்து அளந்தாலன்றி உண்மை விளங்காது.

மற்றொரு தவற்றையும் நீக்க வேண்டும். மதகுகள் மூடியிருக்க, மழையும் இல்லாத நாளில் ஏரி 9 மி.மீ. தாழ்ந்தால், அதில் 5.6 மி.மீ. ஆவிக்கு உரியது, எஞ்சிய 3.4 மி.மீ. நிலத்தினுள் கசிந்தது. கசிந்த நீர் பெரிதும் கிணறுகளுக்கே செல்கிறது. அதனையும் ஏரி உண்டதாக எழுதி, கிணற்றுநீரையும் செலவில் எழுதினால், ஒரே நீரை இருமுறை செலவிட்டதாகும்.

இனி, ஏரி உண்ணும் நீர் அனைத்தும் வீண் என்று சொல்லலாமா? பாலாற்றுக்குத் தெற்கே, மதுராந்தகத்துக்கு அருகில் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. அதன் நீரில் நிற்கும் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. அவற்றைக் காக்க அவ்வூரார் வேண்டிய உரிமையை, 1798ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியர் லயனல் பிளேஸ் ஏற்றார் என்பர். 2022ஆம் ஆண்டில் அது உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தடியில் நீர் நிற்க வேண்டும். அந்நாள்களில் ஆவியாகும் நீர் அப்பறவைகளின் பெயரில் எழுத வேண்டிய செலவு. அவ்வூர் உழவர் அதனை நட்டமாகக் கருதியதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த அவ்வேரிநீர் வயலில் பாயும்போது, உரமும் உடன் பாய்கிறது என்பதை அவர்கள் நெடுங்காலமாக அறிவர்.