துளி சிந்தாமல் எண்ணெய் மாற்றலாம்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மார்கழி என்றால் இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, எலும்பை நடுக்கும் குளிர். மற்றொன்று, அக்குளிரையும் பொருட்படுத்தாது இல்லத்தரசிகள் அடுக்கு வீட்டின் வாயிலில் இடும் கோலம். சென்ற ஆண்டு மார்கழியில் அக்கோலத்துக்கு இடையூறு விளைவித்தவர் வேறெவருமல்லர், நாமே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது பழைய காருக்கு நாமே எஞ்சின் எண்ணெய் மாற்ற முற்பட்டோம். கூலி மிச்சமாகும் என்பது ஒரு காரணம். நம் வண்டியை நாமே பேண வேண்டும் என்னும் ஆவல் மற்றொன்று. வண்டியின் அடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியின் கீழுள்ள திருகை ஸ்பேனரால் தளர்த்தினோம். இறுதிச் சுற்றில் திருகு கைநழுவி விழுந்தது. சூடான கரிய எண்ணெய் முழங்கை வரை வழிந்து, பாத்திரத்தின் விளிம்பில் பட்டுத் தெறித்து, பொதுமுற்றத்தில் ஓடிற்று.

மறுநாள் விடியற்காலையில், முற்றம் பெருக்கும் அம்மையார் மண்டியிட்டுக் கல்லிடுக்கில் ஊறிய கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோலப்பொடிக் கிண்ணத்துடன் வந்த எதிர்வீட்டு மாமி, “கோலம் நாளைக்குப் போட்டுக்கலாம்; அவ கையைப் பாருங்கோ” என்றார். பார்த்தோம். தலை குனிந்தோம்.

சிந்திய எண்ணெய் முற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. மழை வந்தால் சாக்கடையில் இறங்கி யமுனையை நாடிச் செல்லும். ஒரு முறை மாற்றும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்துள்ளது. நம் நாட்டிலும் 2016 ஆம் ஆண்டின் விதிகள் பழைய எண்ணெயை அபாயகரமான கழிவுகளுள் ஒன்றாகவே கருதுகின்றன. அடிக்கடி தோலில் படுவதும் உடலுக்குத் தீங்கே.

இத்தொல்லைக்கு ஓர் எளிய பரிகாரம் உண்டு. தொட்டியின் அடித்திருகை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் சிறிய பித்தளை வால்வு ஒன்றைப் பொருத்திவிடலாம். அதனுள்ளே துளையிட்ட உருண்டை ஒன்று இருக்கிறது. கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் துளை வழிக்கு நேராக வந்து எண்ணெய் இறங்கும். திருப்பி வைத்தால் உருண்டையின் மூடிய பக்கம் வழியை அடைத்துவிடும். நல்ல வால்வில் கைப்பிடியை ஒரு வில் பள்ளத்தில் அழுத்திப் பிடித்திருக்கும்; தூக்கினாலன்றித் திரும்பாது. மூக்குள்ள வகையை வாங்கினால் ரப்பர் குழாயை மாட்டி, எண்ணெயை நேரே டப்பாவுக்குள் இறக்கலாம். சிறிய கார்கள் பலவற்றில் ஏறத்தாழ 3 லிட்டர் எண்ணெய் இருக்கும். ஆகவே 5 லிட்டர் டப்பா போதுமானது.

வாங்குமுன் பழைய திருகின் விட்டத்தையும் மரையின் இடைவெளியையும் அளந்து, அதற்கு ஒத்ததையே வாங்க வேண்டும். வழக்கமான எண்ணெய் மாற்றத்தின்போதே, எண்ணெய் வடிந்த பிறகு, புதிய வாஷருடன் வால்வைப் பொருத்துக. முதலில் கையாலேயே திருகுக. மரை தடையின்றி ஏறிய பின்னரே ஸ்பேனரை எடுக்கலாம். மிகையாக முறுக்கினால் அலுமினியத் தொட்டியின் மரை அழிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் படுத்தல் ஆகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

குறைகளையும் மறைக்காமல் கூறுவது நம் கடமை. துளை சிறிதாதலின் எண்ணெய் மெதுவாகவே இறங்கும். டில்லிக் குளிரில் எண்ணெய் மேலும் தடித்துவிடுமாதலால், எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இளஞ்சூட்டில், மேல்மூடியையும் திறந்து வைத்து வடிப்பது நன்று. சில தொட்டிகளில் அடியில் சிறிதளவு எண்ணெய் தங்கிவிடுவதுமுண்டு. வால்வு கீழே நீண்டிருப்பதால் வேகத்தடையில் இடிபடுமா என்று பார்த்தே பொருத்த வேண்டும். இடம் போதாத வண்டிக்கு இது ஏற்றதன்று. பில்டரைக் கழற்றும்போது வழியும் எண்ணெயை வால்வு தடுக்காது. அதற்குப் பில்டரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து புதிய எண்ணெய் ஊற்றியதும், எஞ்சினைச் சற்று ஓட்டிக் கசிவு உண்டா என நோக்கி, அளவுகோலையும் சரிபார்க்க வேண்டும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுதல் தகாது. மூடிய டப்பாவில் அடைத்து, பழைய எண்ணெயைச் சேகரித்து அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் அனுப்பும் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். தண்ணீரையோ வேறு திரவத்தையோ அதில் கலத்தல் கூடாது.

இவ்வாண்டு மழைக்கு முன் வால்வைப் பொருத்தினோம். மார்கழி பிறக்குமுன் மீண்டும் எண்ணெய் மாற்றினோம். வேலை முடிந்ததும் கீழே விரித்திருந்த பழைய செய்தித்தாளை மடித்து எடுத்தோம். அதில் ஒரு துளியும் இல்லை. பெருக்கும் அம்மையாரிடம் அதைக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார்.

சென்ற ஆண்டின் கறை மட்டும் கல்லிடுக்கில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. மாமி அதன்மேல்தான் கோலமிடுகிறார்.