லில்லி அத்தர்: பூவில் எடுத்ததா, புட்டியில் கலந்ததா?

வெள்ளிக்கிழமை குளித்து, வெளுத்த சட்டை போட்டு, ஒரு துளி அத்தர் தொட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் புறப்படுவது அதிராம்பட்டினம் முதல் கூத்தாநல்லூர் வரை நம் குடும்பங்களில் உள்ள வழக்கம். ஊத் வாசம் கனமாக இருக்கிறது என்பவர்கள் மென்மையான லில்லி வாசத்தைக் கேட்கிறார்கள். "சுத்தமான பூ எண்ணெய்" என்று சொல்லி அதை விற்பவர்களும் உண்டு. இதில் நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது.

'லில்லி ஆஃப் தி வேலி' நம் குளத்து அல்லி அல்ல. ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளில் வசந்த காலத்தில் பூக்கும், சிறு மணி போன்ற வெள்ளைப் பூ. மல்லிகை, ரோஜா, தாழம்பூவிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்கலாம். வெட்டிவேரைக் காய்ச்சி வடிக்கலாம். இந்தப் பூவிலிருந்து விற்பனைக்கு ஏற்ற அளவில் எண்ணெய் கிடைப்பதில்லை. 1956-ல் வெளிவந்த புகழ்பெற்ற 'டியோரிஸ்ஸிமோ' கூட, வேறு வாசனைப் பொருள்களைக் கலந்து இந்தப் பூவின் மணம் வரும்படி அமைத்ததுதான்.

கலந்து செய்வதில் தவறில்லை. கலந்ததைப் பூவில் எடுத்தது என்பதுதான் தவறு. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என்ன பாடு என்பது டெல்டா விவசாயிக்குத் தெரியும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அத்தர் புட்டிக்கும் அதே சட்டம்தான்.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. லில்லி வாசத்துக்குப் பல காலம் சேர்க்கப்பட்ட 'லிலியல்' என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிக்கலாம் என்று வகைப்படுத்தி, ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்தது. 'லைரல்' என்ற இன்னொரு பொருள் தோல் ஒவ்வாமை காரணமாகத் தடையானது. சபுராளிகள் கொண்டுவந்து பல வருடமாக பீரோவில் கிடக்கும் புட்டிகளை எடுத்துப் பாருங்கள். அட்டையில் 'ப்யூட்டைல்ஃபீனைல் மெத்தில்ப்ரோபியோனல்' என்றிருந்தால் அது லிலியல்தான், ஒதுக்கிவிடுங்கள். கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்கட்டும். என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத புட்டியைக் குழந்தைகளுக்குத் தடவாதீர்கள்.

இனி, வாசம் நிற்பது பற்றி. இது இலேசான வாசம். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் சீக்கிரம் பறந்துவிடும். குளித்துத் துவட்டிய தோலில் ஒரு துளி போதும். துணியில் கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் கறை படிகிறதா என்று உள்மடிப்பில் முதலில் பாருங்கள். புதிதாக வாங்கியதை முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, இரண்டு நாள் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று கவனியுங்கள். நம் மூக்குக்கு வாசம் சீக்கிரம் பழகிவிடும். நமக்குத் தெரியவில்லை என்று மேலும் மேலும் பூசினால், ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி.

நறுமணம் கொடுக்கப்பட்டால் நபி (ஸல்) அவர்கள் மறுத்ததில்லை. நாமும் மறுக்க வேண்டாம். வாங்கும்போது மட்டும் இரண்டு கேள்வி கேட்போம்: இது எதில் செய்தது? அட்டையில் எழுதியிருக்கிறதா? வாங்குபவர் கேட்டால்தான் விற்பவரும் சொல்லப் பழகுவார், இன்ஷா அல்லாஹ்.