பீமனைச் சாய்க்கும் சிறு முளை!

அமெரிக்காவில் பழைய பிக்-அப் வண்டி மீது பலருக்குத் தீராத மோகம்! அதிலும் 1989-ம் ஆண்டு மாடல் முதல் வந்த 'டாட்ஜ்' டீசல் வண்டி என்றால் விடவே மாட்டார்கள். துருப்பிடித்ததை வாங்கி வந்து, வீட்டுக் கார் ஷெட்டிலேயே புதுப்பிக்கிறார்கள்.

அதில் இருப்பது 'கம்மின்ஸ்' என்ஜின். 6 சிலிண்டர். 5.9 லிட்டர். 160 குதிரைச் சக்தி. பெட்ரோல் என்ஜினைப்போல் தீப்பொறி பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் இத்தனை கனமான இரும்பு. லட்சக்கணக்கான மைல் ஓடியும் அலுக்காத பீமன்!

இந்தப் பீமனுக்கும் ஓர் எமன் உண்டு. அது சுண்டுவிரல் நுனி அளவே உள்ள ஓர் உருக்கு முளை!

என்ஜினின் முன்பக்கத்தில் பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. அதை நேராகப் பொருத்த வைத்த முளை அது. வண்டி அதிர அதிர, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். சுழலும் பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தால்... அவ்வளவுதான்! அலுமினியப் பெட்டி உடையும். எண்ணெய் கொட்டும். சில சமயம் என்ஜினே பாழ். 'கொலைகார முளை' என்றே மெக்கானிக்குகள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

துரு சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் பிறகு. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் முன்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்ப்பது இந்த முளையைத்தான். அது பாதி வெளியே வந்து நின்றால், பார்ப்பவர் நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்?

வைத்தியம் சுலபம். முளையை உள்ளே தட்டிவிட வேண்டும். பக்கத்துப் போல்ட்டின் அடியில் சிறு இரும்புத் தகடு ஒன்றைச் செருகி முடுக்க வேண்டும். தகடு வழியை மறித்துக்கொள்ளும். ஒரு பகல் வேலை. தகட்டின் விலையோ அற்பம்!

மறுபடி மூடியை மாட்டி, சாவியைத் திருப்புகிறார்கள். தட தடவென்று உறுமுகிறது, பீமன்!