ஏரியின் முதலைக் கரைக்கும் நைட்ரஜன்

முதல் இருக்கும்வரை நட்டம் வெளியே தெரியாது. தீர்ந்தபின்தான் கடை ஆட்டம் காணும். வணிகர்களாகிய நமக்கு இது புதிதல்ல. ஏரிகளுக்கும் இப்படியொரு முதல் உண்டு. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலை ஏரிகள் பல அதை இழந்துவிட்டன.

அமில மழை என்றதும் நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகத்தையே நினைக்கிறோம். அதற்குக் கூட்டாளி நைட்ரஜன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இதுதான். சும்மா இருக்கும்வரை தீங்கில்லை. மின்நிலையக் கொதிகலனிலும் வாகன எஞ்சினிலும் கடும் வெப்பம் படும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து, பின்னர் நைட்ரிக் அமிலமாகி, மழையோடும் பனியோடும் மண்ணில் இறங்குகிறது. (நம் சரக்கைச் சுமக்கும் லாரியும் இதற்கு விலக்கல்ல.)

நைட்ரஜன் மரங்களுக்கு உரம்தானே என்று கேட்கலாம். உரம்தான், தேவைக்கு மேல் வந்தால் மிச்சம் நைட்ரேட்டாக ஓடைக்குக் கசிகிறது. வெறுங்கையோடு போவதில்லை, மண்ணின் கால்சியம், மக்னீசியத்தையும் வாரிக்கொண்டு போகிறது. அமிலத்தை முறிக்கும் முதல் இவைதாம். சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் இது எளிதில் தீராது. அடிரோண்டாக்கிலோ கெட்டிப் பாறைமேல் மெல்லிய மண். முதல் தீர்ந்ததும் மண்ணிலுள்ள அலுமினியம் நீரில் கரைந்து மீனின் செவுளைத் தாக்குகிறது. 1984 முதல் 1987 வரை அங்கு 1,469 ஏரிகளை ஆய்ந்தபோது ஏறக்குறைய கால் பங்கில் மீனே இல்லை. இயல்பிலேயே மீனற்ற சில ஏரிகளும் அவற்றில் உண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

பனி உருகும் காலம் மிக மோசம். குளிர்காலம் முழுவதும் பனியில் சேர்ந்த அமிலமும், மரங்கள் உறங்கும் வேளையில் மண்ணில் தேங்கிய நைட்ரேட்டும் சில வாரங்களில் மொத்தமாக இறங்கிவிடும். மற்ற மாதங்களில் நல்ல நீர் ஓடும் ஓடையிலும் அப்போது மீன்குஞ்சுகள் மடியும்.

1990ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் அந்நாட்டு அரசு நமக்குப் பழக்கமான வழியொன்றைக் கையாண்டது. ஒரு டன் கந்தக டை ஆக்சைடுக்கு ஓர் அனுமதிச் சீட்டு. புகையைக் குறைத்தவர் மிச்சச் சீட்டை விற்கலாம். 1993இல் சிகாகோ வணிகச் சந்தையில் ஏலமே நடந்தது. கந்தகம் நன்றாகக் குறைந்தது. ஆனால் கந்தகத்தில் 1 கோடி டன் குறைக்க இலக்கு வைத்த சட்டம், நைட்ரஜன் ஆக்சைடுகளில் 20 லட்சம் டன்னோடு நின்றுகொண்டது. அவை பிற்பாடு குறைந்தன. உரத்திலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் எழும் அம்மோனியா அப்படிக் குறையவில்லை. மண்ணில் அதுவும் நைட்ரேட்டாகி அமிலம் விடுகிறது.

பல ஏரிகள் மெல்லத் தேறிவருகின்றன. மண் இழந்த கால்சியமோ பாறை சிறுகச் சிறுகத் தேய்ந்துதான் சேரவேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.